தெள்ளை ஒழிப்போம், பூனையை அல்ல

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எம்மில் பலர் ஒரு பையும் ஒரு சைக்கிளுமாக நடந்தோம். ஆட்டை அவிழ்த்துவிட்டோம், மாட்டை அவிழ்த்துவிட்டோம். பூனையை அவிழ்த்துவிட வேண்டியிருக்கவில்லை. அது விறாந்தைக் கட்டில் இருந்து எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

1996 இல் திரும்பி வந்து கதவைத் திறந்தோம். ஓடு கழன்ற இடத்தால் வந்துபோய்க்கொண்டிருந்த பூனை, மெலிந்த உடம்போடு அடுப்படியில் படுத்திருந்தது. அதைக் கண்ட சந்தோஷம் கொஞ்ச நேரந்தான். வீட்டுக்குள் நான்கு அடி வைப்பதற்குள் கறுப்புப் புள்ளிகள் துள்ளித் துள்ளி முழங்கால்வரை ஏறின. அவ்வளவும் தெள்ளு. ஆறு மாதமாக ஆளில்லாத வீட்டில் இவை எப்படி உயிரோடிருந்தன என்று அன்று எமக்கு விளங்கவில்லை.

அதன் பின்னரும் பல இடப்பெயர்வுகளைக் கண்டோம். போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வீட்டிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. மாரி வெள்ளத்துக்குப் பாடசாலையில் தங்கிவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களும் உள்ளன. இப்படிப்பட்ட இடங்களில் தெள்ளுத் தொல்லை அடிக்கடி ஏற்படுகிறது. இது சிறிய விடயம் என்று நாமும் நினைத்திருந்தோம், பின்வரும் சம்பவத்தைக் காணும்வரை.

வெங்காயத்துக்கு அடித்த "மருந்து"

சில வருடங்களுக்கு முன் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். ஒரு தகரக் கொட்டில், மண் தரை. மூலையில் அடுத்த போகத்துக்கென நான்கு மூட்டை விதைநெல். மூட்டைகளுக்குக் காவலாக ஒரு தாய்ப்பூனையும் மூன்று குட்டிகளும். பிள்ளைகளின் கால்களிலே சிவப்புத் தடிப்புகள். இரவில் நித்திரை இல்லை.

பொறுக்க முடியாமல் தகப்பனார், வெங்காயத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்தைத் தண்ணீரில் கலந்து தரையெங்கும் தெளித்தார். பூனைகளின் மேலும் துணியால் பூசினார். விடியும்போது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. தரையில் தவழ்ந்த கடைசிப் பிள்ளை சத்தியெடுத்து, வாயால் எச்சில் வடிந்து, சோர்ந்துபோனது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதால் பிள்ளை தப்பியது. அந்தக் கவலையில் தாய்ப்பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிட்டார்கள்.

இரண்டு கிழமைக்குப் பின் நாம் மீண்டும் போனபோது அந்த வீட்டு ஆச்சி சொன்னார்: "மருந்தும் அடிச்சாச்சு, பூனையையும் கொண்டுபோய் விட்டாச்சு. தெள்ளு மட்டும் போகேல்லைப் பிள்ளையள். முந்திப் பூனையைக் கடிச்சது. இப்ப எங்களைக் கடிக்குது."

ஆச்சி சொன்னது சரி. அது ஏன் அப்படி நடந்தது என்பது விளங்கினால், நஞ்சு தெளிக்காமலே தெள்ளை ஒழிக்கும் வழியும் விளங்கும். நாம் தோட்டத்துக்கு அடிப்பதை "மருந்து" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது மருந்தல்ல, நஞ்சு. வீட்டுத் தரைக்கோ வீட்டு விலங்குக்கோ அது ஒருபோதும் உரியதல்ல.

தெள்ளு எங்கே இருக்கிறது?

வளர்ந்த தெள்ளு எள்ளைவிடச் சிறியது. நிறம் கபிலம். பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால் மயிர்களுக்கிடையே இலகுவாக ஓடும். இறக்கை இல்லை. ஆனால் ஒரு சாண் உயரம்வரை துள்ளும். பூனைத் தெள்ளு பூனையில் மாத்திரமன்றி நாயிலும் வாழும், மனிதரையும் கடிக்கும்.

பெண் தெள்ளு இரத்தம் குடித்து இரண்டு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடும். முட்டைகள் வழுவழுப்பானவை. ஆகவே அவை பூனையின் உடம்பில் ஒட்டியிராமல், பூனை நடக்கும் இடமெல்லாம், படுக்கும் இடமெல்லாம் உப்புத் தூள்போல் உதிர்கின்றன.

சில நாட்களில் முட்டையிலிருந்து சின்ன வெள்ளைப் புழு வெளிவரும். இது கடிக்காது. வெளிச்சத்துக்கு அஞ்சித் தரை வெடிப்பிலும், பாயின் அடியிலும், சாக்கு மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். பெரிய தெள்ளுகளின் எச்சமே இதற்கு முக்கிய உணவு. அந்த எச்சம் பூனையின் காய்ந்த இரத்தமாகும். இப்புழுவுக்கு ஈரலிப்பு வேண்டும். நல்ல வெயிலும் வறட்சியும் பட்டால் இறந்துவிடும்.

வளர்ந்த புழு பட்டுநூல் போன்ற ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும். கூட்டின் மேல் மண்ணும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. தெளிக்கும் நஞ்சும் உள்ளே இலகுவில் போகாது. இதற்குள் தெள்ளு முழுமையாக வளர்ந்தபின், வெளியே உணவு உண்டு என்று தெரியும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியது. காலடி அதிர்வும், உடம்புச் சூடும், நாம் விடும் மூச்சுக்காற்றும் அதற்கு அடையாளங்கள். அவை கிடைத்ததும் கூட்டை உடைத்து வெளியே துள்ளும்.

1996 இல் எமது வீட்டில் நடந்தது இதுதான். தனியே இருந்த பூனையிலிருந்து முட்டைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. கூடுகள் தரையில் காத்துக்கிடந்தன. எமது காலடி அவற்றை எழுப்பியது.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளில் நூற்றுக்கு ஐந்துதான் பூனையின் மேல் இருக்கும் என்றும், மிச்சத் தொண்ணூற்றைந்தும் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் இருக்கும் என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆச்சியின் வீட்டில் பூனையை விட்டுவந்தபோது போனது அந்த ஐந்துதான். கூட்டிலிருந்து வெளிவந்த மிச்சத்துக்குப் பூனை கிடைக்கவில்லை, மனிதர் கிடைத்தார்கள்.

முதலில், இது தெள்ளுத்தானா?

எல்லாக் கடியும் தெள்ளுக் கடியல்ல. தெள்ளு பெரும்பாலும் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் கடிக்கும். இரண்டு மூன்று தடிப்புகள் கிட்டக்கிட்ட இருக்கும். மூட்டைப்பூச்சி படுக்கையில் இரவில் கடிக்கும். கை, கழுத்து, முதுகு எங்கும் தடிப்பு வரும். விரல் இடுக்குகளில் இரவில் கடும் கடி இருந்தால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு வைத்தியரிடம் களிம்பு வாங்க வேண்டும்.

பூனையை ஒரு வெள்ளைத் துணியில் நிறுத்தி, பேன் சீப்பால் வாலடியிலும் கழுத்திலும் வாருங்கள். மிளகுத்தூள் போன்ற கறுப்புத் தூள் விழுந்தால் அதில் சில துளி தண்ணீர் விடுங்கள். செங்கபில நிறமாக ஊறினால் அது தெள்ளின் எச்சம். ஊறாவிட்டால் வெறும் மண்.

பூனைக்குச் செய்ய வேண்டியவை

1. தினமும் பேன் சீப்பால் வாருங்கள். பக்கத்தில் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் இருக்கட்டும். சீப்பில் வரும் தெள்ளை அதற்குள் அமிழ்த்துங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சவர்க்காரம் கலந்தால் தாழ்ந்து இறக்கும். நகத்தால் நசுக்க வேண்டாம்.

2. பூனை விட்டுக்கொடுத்தால் மாத்திரம் குளிப்பாட்டுங்கள். குழந்தைகளுக்குரிய சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை பூசுங்கள். இல்லாவிட்டால் தெள்ளெல்லாம் தலைக்கு ஓடிவிடும். நன்றாகக் கழுவி, துடைத்து, வெயிலில் விடுங்கள்.

3. சின்னக் குட்டிகளைச் சீப்பால் வாருவது மட்டுமே பாதுகாப்பானது. தெள்ளு கூடினால் குட்டிகள் இரத்தம் குறைந்து சாகக்கூடும். முரசு வெளிறியிருந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

4. வசதி இருந்தால் அரச மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூனைக்குரிய சொட்டு மருந்தைப் பெறுங்கள். பிப்ரோனில், செலமெக்ரின் என்பன அவ்வாறானவை. பூனையின் நிறைக்கேற்ற அளவை, அது நக்க முடியாத பிடரியில், மயிரை விலக்கித் தோலில் இட வேண்டும். பிப்ரோனில் என்ற பெயரில் பயிருக்கு அடிக்கும் நஞ்சும் உண்டு. அதைப் பூனைக்குப் பாவிக்கவே கூடாது.

5. பூனைக்கென்று ஒரே ஒரு படுக்கை கொடுங்கள். காய்ந்த இடத்தில் ஒரு பழைய சாக்கு அல்லது துணி போதும். பூனை அங்கே படுக்கப் பழகினால் முட்டைகளிற் பெரும்பகுதி அங்கேயே உதிரும். கிழமைக்கு ஒருமுறை அதைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவிடுங்கள். செலவில்லாத இந்த வேலை ஒன்றே பாதிப் பாரத்தைக் குறைக்கும்.

வீட்டில் நாய் நின்றால் அதற்கும் அதே நாளில் செய்ய வேண்டும்.

தரைக்குச் செய்ய வேண்டியவை

1. தினமும் கூட்டுங்கள். நடுவீட்டைவிட மூலைகளும், மூட்டைகளின் அடியும், கட்டிலின் கீழும், செத்தை ஓரமுமே முக்கியம். கூட்டிய குப்பையை முற்றத்து நிழலில் கொட்டினால் தெள்ளு அங்கே வளரும். அதை எரித்துவிடுங்கள், அல்லது சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் புதையுங்கள்.

2. மண் தரையில் வெடிப்புகள் இருந்தால் களிமண்ணால் அடைத்து மெழுகி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத் தரை புழுவுக்கு உதவும். தண்ணீர்க் குடத்தடியில் ஈரம் தேங்க விடாதீர்கள். சீமெந்துத் தரையானால் பூனை படுக்கும் இடங்களிலும் சுவரோரத்திலும் கொதிநீர் ஊற்றித் தேய்க்கலாம். அந்நேரம் பிள்ளைகளைத் தள்ளி வைத்திருங்கள்.

3. பாய், சாக்கு, தலையணை யாவற்றையும் உச்சி வெயிலில் சுடுமணலில் விரித்து, இரு பக்கமும் புரட்டிப் போடுங்கள். உடுப்புகளையும் போர்வைகளையும் சுடுநீரில் தோய்த்துக் காயவிடுங்கள்.

4. நெல் மூட்டைகளைத் தரையில் வைக்காமல், கல் வைத்துப் பலகை போட்டு உயர்த்துங்கள். கீழே கூட்டவும் வசதி, எலி ஒளிக்கவும் இடமில்லை.

5. இரவில் பொறி வையுங்கள். அகலமான தட்டில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சூரிய சக்தி லாம்பையோ ரோச் லைற்றையோ வெளிச்சம் தட்டில் படும்படி வையுங்கள். வெளிச்சத்தை நோக்கித் துள்ளும் தெள்ளு தண்ணீரில் விழும். குப்பிவிளக்கு வேண்டாம். பூனை தட்டிவிட்டால் கொட்டில் எரிந்துவிடும்.

விடிய எத்தனை விழுந்தன என்று எண்ணிக் கலண்டரில் எழுதுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இந்த வேலையை விருப்பத்தோடு செய்வார்கள். பொறியால் மாத்திரம் தெள்ளு ஒழியாது. ஆனால் எமது வேலை பலன் தருகிறதா என்பதைக் காட்ட இதைவிட நல்ல கணக்கு இல்லை.

ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். இரண்டாம், மூன்றாம் கிழமைகளில் தெள்ளு திடீரெனக் கூடியதுபோல் தோன்றும். கூடுகளிலிருந்து கடைசித் தெள்ளுகள் வெளிவரும் காலம் அது. பலர் இந்த இடத்தில்தான் மனம் சலித்துக் கைவிடுகிறார்கள், அல்லது நஞ்சுப் போத்தலைத் தேடுகிறார்கள். விடாமல் ஆறு முதல் எட்டுக் கிழமைவரை செய்தால் எண்ணிக்கை குறையக் காண்பீர்கள்.

பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பும்போது

முதல் நாளே பாய் விரித்துப் படுக்க வேண்டாம். பெரியவர்கள் இருவர் முன்கூட்டியே போங்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கதவு யன்னல்களைத் திறந்து வெயிலும் காற்றும் உள்ளே வர விடுங்கள். தரையெங்கும் நடந்து தும்புத்தடியால் தட்டிக் கூட்டுங்கள். அதிர்வுக்குக் கூடுகள் உடைந்து தெள்ளு வெளிவரும். அன்றிரவே பொறி வையுங்கள். சில நாட்கள் இப்படிச் செய்த பின்னர் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். அதன் பின்னும் தினமும் கூட்டுவதை நிறுத்த வேண்டாம்.

செய்யக்கூடாதவை

பயிருக்கு அடிக்கும் எந்த நஞ்சையும் பூனையிலோ, வீட்டிலோ, பிள்ளைகளின் தலையிலோ பாவிக்கக் கூடாது.

நாய்க்கு என எழுதப்பட்ட தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. அவற்றுட் பலவற்றில் பெர்மெத்ரின் உண்டு. நாயின் உடம்பு அதைத் தாங்கும். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை இறக்கக்கூடும். தவறிப் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் கொண்டு உடனே கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

மண்ணெண்ணெய் பூசக் கூடாது. அது தோலைப் புண்ணாக்கும். பூனை தன் உடம்பை நக்கும்போது உள்ளே போய்ச் சுவாசப்பையையும் கெடுக்கும்.

புகையிலைத் தண்ணீர் எமது தோட்டங்களுக்குப் பழக்கமானது. ஆனால் அதுவும் கடும் நஞ்சுதான். பூனைக்கும் குழந்தைக்கும் ஆகாது.

வேப்பெண்ணெயைப் பூனையில் பூச வேண்டாம். அதையும் நக்கி நோயுறும். பாயின் கீழ் வேப்பிலை போடுவதால் தீங்கில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிக் கூட்டாமல் விட்டால் பயனில்லை.

எவராவது நஞ்சை விழுங்கினால் வலிந்து சத்தியெடுக்கச் செய்யாதீர்கள். தோலில் பட்டிருந்தால் உடுப்பைக் களைந்து சவர்க்காரத்தால் கழுவுங்கள். நஞ்சுப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். போத்தலின் மேலுள்ள பெயர் வைத்தியருக்கு உதவும்.

தெள்ளால் வரும் நோய்கள்

கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். சவர்க்காரத்தால் கழுவி, பிள்ளைகளின் நகத்தைக் கட்டையாக வெட்டிவிடுங்கள்.

பூனையின் பின்புறத்தில் அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அவை நாடாப்புழுவின் துண்டுகள். தெள்ளைப் பூனை விழுங்குவதால் இப்புழு வருகிறது. பூனையோடு விளையாடும் குழந்தை தற்செயலாகத் தெள்ளை விழுங்கினால் அதற்கும் வரலாம். இருவருக்கும் மருந்து உண்டு.

எலித் தெள்ளின் மூலம் ஒருவகை ரைபஸ் காய்ச்சல் பரவுகிறது. வட பகுதியிலும் இது காணப்பட்டுள்ளது. காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பு நோ, சிலவேளை தோலில் செம்புள்ளிகள் என்பன இதன் அறிகுறிகள். வயல் நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் வேறு, இது வேறு. காய்ச்சலோடு வைத்தியரிடம் போகும்போது "வீட்டில் எலியும் தெள்ளும் உண்டு" என்று மறக்காமல் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் டொக்சிசைக்கிளின் போன்ற மருந்தால் இது குணமாகும்.

1914 இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியபோது அதைக் காவியதும் எலித் தெள்ளே. இன்று எமது நாட்டில் அந்நோய் இல்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு. செத்த எலியின் உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதைவிட்டு வேறு உடம்பைத் தேடும். ஆகவே செத்த எலியை வெறுங்கையால் தூக்காமல், மண்வெட்டியால் எடுத்து உடனே எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

எல்லோரும் ஒரே நாளில்

வரிசைக் கொட்டில்களில் பூனை ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. பகலில் ஒரு வீடு, இரவில் இன்னொரு வீடு. ஒரு குடும்பம் மட்டும் கூட்டிக் கழுவினால் பக்கத்து வீட்டிலிருந்து தெள்ளு திரும்ப வரும். ஆகவே பத்து வீட்டார் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, சிரமதானமாகச் செய்யுங்கள். ஒருவர் அண்டாவில் கொதிநீர் வைக்க, ஒருவர் சாக்குகளை அவிக்க, ஒருவர் பாய்களை வெயிலில் போட, பிள்ளைகள் பூனைகளை வாரட்டும். மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ மிருக வைத்தியரை ஒரு நாள் அழைத்தால், எல்லாப் பூனை நாய்களையும் ஒரே தடவையில் காட்டிவிடலாம்.

ஆச்சியின் வீட்டில் கடைசியில் இப்படித்தான் நடந்தது. சந்தையடியில் விட்ட தாய்ப்பூனை மூன்றாம் கிழமை தானாகவே வீடு தேடி வந்து, விதைநெல் மூட்டையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. இம்முறை அதை எவரும் துரத்தவில்லை. அயலில் எட்டு வீட்டார் சேர்ந்தார்கள். மூத்த பிள்ளை கலண்டரில் எழுதிய கணக்கை எமக்குக் காட்டினாள். முதல் இரவு 31. இரண்டாம் கிழமை ஒரு நாள் 44. அன்று தகப்பனார் சோர்ந்துபோய் மீண்டும் தோட்டத்து நஞ்சைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆச்சி விடவில்லை. ஏழாம் கிழமை முழுவதும் பூச்சியம்.

எத்தனை இடம் மாறினாலும் நாம் கையோடு கொண்டுபோனது விதைநெல்லையும் பிள்ளைகளையுந்தான். நெல்லுக்குப் பூனை காவல். பிள்ளைகளுக்கு நாம் காவல். தோட்டத்து நஞ்சைத் தோட்டத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, வீட்டுக்குள் சீப்பையும் தும்புத்தடியையும் கையில் எடுப்போம்.